பதினேழாம் நம்பர்ப் பேய்களும் குடைக் கறுப்பும்

பாறசாலைச் சந்தையில் குடை ரிப்பேர் செய்துவந்த ஞானசிகாமணியின் வீட்டில் பதினொரு பேய்கள் குடியிருந்தன. பதினொன்றுக்கும் நம்பர் உண்டு, கையொப்பம் உண்டு. ஒன்றுகூடக் கள்ளப் பேய் கிடையாது.

ஆளைப் பார்த்தால் மடக்கிய குடைக்கு வேட்டி கட்டிவிட்டது போல இருக்கும். வாய் மட்டும் விரித்த குடை. வைகாசி நடுவில் இடவப்பாதி மழை பிடித்துவிட்டால் அமரவிளை முதல் காரோடு வரைக்கும் உள்ள கிழிந்த குடையெல்லாம் அவர் முன்னால் வந்து குவியும். கம்பியை நிமிர்த்துவார், துணிக்கு ஒட்டுப் போடுவார், வெளுத்துப்போன துணிக்குக் கறுப்பு ஏற்றுவார். அந்தக் கறுப்பு அவரே காய்ச்சுவது. சேங்கொட்டைச் சாறும் விளக்குக் கரியும் இன்னும் என்னவோ இரண்டும் சேர்த்தது. "எனக்க கறுப்பு ஏத்தின குடையப் பிடிச்சா, நட்டுச்சை வெயிலில அதுக்க அடியில ஒரு ராத்திரி தூங்கி எழும்பலாம்" என்பார். அதில் பாதிக்கு மேல் புளுகு. ஆனால் அந்தக் கறுப்புக்குள் வெயில் நுழையாது என்பது மட்டும் நிஜம்.

படிப்பு மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு. மூன்றாம் வகுப்பையும் முழுசாகப் படிக்கவில்லை, எட்டிப் பார்த்தார் என்று சொல்லலாம். எழுத்தைக் கூட்டிக் கூட்டி வாசிப்பார். அப்படிப்பட்டவருக்குப் புத்தகப் பித்துப் பிடித்தது நாற்பத்தெட்டாம் வருசம். களியக்காவிளைக்கு அப்பால் இருந்து பொன்னுதாஸ் வாத்தியார் என்பவர் ஒரு குடையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். குடையை விரித்தபோது உள்ளே இருந்து சின்னப் புத்தகம் ஒன்று விழுந்தது. அட்டையில் ஒரு பனை, பனையின் உச்சியில் முடியை விரித்துப் போட்டுக்கொண்டு ஒருத்தி. ஞானசிகாமணி அதை மூன்று நாள் கூட்டி வாசித்தார். வாசித்து முடித்தபிறகு ஒரு மாதம் பொழுது சாய்ந்தால் கொல்லைப் பக்கம் போவதற்கு மனைவியைத் துணைக்குக் கூப்பிட்டார்.

வாத்தியார் குடை எடுக்க வந்த அன்றைக்கு, "சாறே, இந்தப் புஸ்தகம் எழுதின ஆந்தைக்கண்ணன்னு ஒருத்தன் இருக்கானே, அவன் கையில கிடைச்சா நான் விடமாட்டேன். எனக்க ஒறக்கம் எல்லாம் போச்சு" என்றார்.

வாத்தியார் அக்கம்பக்கம் பார்த்தார். பிறகு குனிந்து, "அவன் உம்ம முன்னாலதான் நிக்கான். சத்தம் போடாதேயும். பள்ளிக்கூடத்தில தெரிஞ்சா என்னையத் தொரத்திருவினும்" என்றார்.

ஞானசிகாமணி கையிலிருந்த கம்பியைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றார். சந்தையில் அவர் யாருக்கும் எழுந்து நின்றதில்லை.

அந்தப் புத்தகங்கள் சாதாரணக் காகிதத்தில் நிறைய அச்சாகும். ஆனால் ஒவ்வொரு கதைக்கும் ஐம்பது பிரதி மட்டும் தனியாகக் கெட்டியான காகிதத்தில் அடிப்பார்கள். அந்த ஐம்பதுக்கும் வாத்தியார் தன் கையால் மரக்கட்டையில் பேய்ப் படம் செதுக்கி, சிவப்பு மை தொட்டு அழுத்திப் பதிப்பார். கடைசிப் பக்கத்தில் நம்பர் எழுதி, ஆந்தைக்கண்ணன் என்று ஒப்புப் போடுவார். ஐம்பது முடிந்ததும் கட்டையை அடுப்பில் வைத்துவிடுவார். ஐம்பத்தொன்றாவது பிரதி சீமையில் தேடினாலும் கிடைக்காது. "உமக்குப் பதினேழு" என்று வாத்தியார் சொன்னார். அன்று முதல் எந்தக் கதை வந்தாலும் பதினேழாம் நம்பர் குடைக்காரருக்குத்தான். ஆறு வருசத்தில் அப்படிப் பதினொரு புத்தகம் சேர்ந்தது.

அந்த ஒப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடைசி 'ன்' எழுதி முடிந்த இடத்தில் வாத்தியாரின் பேனா நிற்காது. கீழே இறங்கி, இரண்டு சுற்றுச் சுற்றி, பல்லியின் அறுந்த வால் துடிப்பது போல ஒரு இழுப்பு இழுத்து நிற்கும். பள்ளிக்கூட ரிஜிஸ்தரில் பொன்னுதாஸ் என்று ஒப்புப் போடும்போது அந்த வால் வராது. ஆந்தைக்கண்ணனுக்கு மட்டும்தான் வால்.

வீட்டில் ஒரு தொல்லை இருந்தது. மனைவி ஆனந்தபாய் பெரிய கோயில்காரி. பொய் சொல்ல மாட்டாள். பூனை பால் குடித்தாலும், "குடிச்சது பூனையாக்கும், ஆனா மூடி வைக்காதது நானாக்கும்" என்று சேர்த்துச் சொல்கிற ரகம். சாயங்காலம் விளக்கு வைத்ததும் வீட்டு ஜெபம் உண்டு. வேதப்புத்தகம் திறக்கும் வீட்டுக்குள் அந்த நேரத்தில் பேய்ப்புத்தகம் இருக்கக் கூடாது என்பது அவள் சட்டம். அதனால் தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் ஞானசிகாமணி புத்தகங்களைப் பழைய குடைத்துணியில் பொதிந்து நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு போய்க் கொல்லையில் உள்ள விறகுப்புரையில் வைப்பார். ஆமென் சொன்னதும் ஓடிப்போய்த் திரும்ப எடுத்து வருவார்.

பக்கத்து வீட்டுச் சரோஜம் வேலிக்கு அந்தப்பக்கம் நின்று, "என்ன அண்ணாச்சி, பேயளுக்கு வெளிய போகச் சமயமாச்சா?" என்பாள்.

"ஓம் கொச்சே. இதுவளும் அங்க இருந்து முட்டுக் குத்தி ஜெபம் பண்ணட்டு" என்பார் இவர்.

ஆந்தைக்கண்ணன் யார் என்கிற ரகசியத்தை ஞானசிகாமணி ஆறு வருசம் காப்பாற்றினார். விரித்த குடை போன்ற வாயை வைத்துக்கொண்டு ஒரு ரகசியத்தை ஆறு வருசம் காப்பாற்றுவது சாதாரண காரியம் இல்லை. ஒன்றைக் காப்பாற்றியதால் மற்றதையெல்லாம் விளம்பிவிடலாம் என்று நினைத்துவிட்டார். மற்ற நாற்பத்தொன்பது பேரும் புத்தகத்தைப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டு வாய் மிண்டாமல் இருந்தபோது, இவர் மட்டும் சந்தையில் குடை கொடுக்க வருகிறவர்களிடம் எல்லாம் அந்த ஒப்பை விரித்துக் காட்டினார். "மகாராசாவுக்குக்கூட இந்த ஒப்பு உள்ள புஸ்தகம் கெடையாது, கேட்டியளா!"

அப்படிப் பார்த்தவர்களில் ஒருவர் போலீஸ்காரர் கிருஷ்ணன்குட்டி. காட்டாக்கடைப் பக்கத்து மலையாளி. தமிழ் கேட்டால் புரியும், வாசிக்கத் தெரியாது. மத்தியானத்தில் குடை நிழலில் உட்கார்ந்துகொள்வார். ஞானசிகாமணி கூட்டிக் கூட்டி வாசிக்க, அவர் பேய்ப் படத்தைப் பார்த்துக்கொண்டே கேட்பார். பயம் வந்தால் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வார். அவருக்கு அந்த ஒப்பும் ஒரு படம்தான். எழுத்துத் தெரியாதவன் கண்ணுக்கு எழுத்து முழுவதும் படமாகவே தங்கிவிடும்.

ஐம்பத்திநாலாம் வருசம் பிறந்தபோது எங்கே பார்த்தாலும் எல்லைப் பேச்சு. மலையாளச் சர்க்காருக்குக் கீழே இருந்த தமிழ் பேசுகிற தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஊர்வலம், கூட்டம், மறியல். ஞானசிகாமணி எதற்கும் போகவில்லை. "எல்லை எங்க ஓடினாலும் மழை ரெண்டு பக்கமும் பெய்யும்" என்று கம்பியை நிமிர்த்திக்கொண்டிருந்தார். ஆடி மாதம் முடிகிற வேளையில் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கி வெடித்தது. ஆட்கள் செத்தார்கள். அந்தச் சேதி வந்த அன்றைக்குச் சந்தை பாதியில் கலைந்தது. ரிப்பேருக்கு வந்த குடைகளைத் திரும்ப வாங்கிப் போகக்கூட ஆள் வரவில்லை. அதில் இரண்டு குடை மார்த்தாண்டத்துக்காரர்களுடையது. ஒன்றை எடுக்க யாரும் கடைசிவரை வரவே இல்லை.

வீடு வீடாகப் போலீஸ் ஏறியது. பொன்னுதாஸ் வாத்தியாரையும் நாற்பது பேரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

நாலாம் நாள் மத்தியானம் கிருஷ்ணன்குட்டி சந்தைக்கு வந்தார். கையில் ஒரு நல்ல குடை. தொப்பி ஏற்கெனவே கழற்றியிருந்தது.

"சிகாமணீ, ஈ கொடைக்கு ஒரு கம்பி நோக்கணும்."

"கம்பியெல்லாம் நேராத்தானே இருக்கு."

"வளைச்சோ. வளைச்சிட்டு நேரே ஆக்கிக்கோ. ஞான் இவிடெ நிக்கான் ஒரு காரணம் வேண்டே?"

ஞானசிகாமணி கம்பியை வளைத்தார். கிருஷ்ணன்குட்டி வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு, வாய் அசையாமல் பேசினார். அமரவிளை ரோட்டோரச் சுவரில் கையால் எழுதின நோட்டீஸ் ஒன்று ஒட்டியிருந்தது. போலீஸை எதிர்த்து நில்லுங்கள் என்று அதில் இருந்ததாம். கீழே பெயர் இல்லை, ஒரு தமிழன் என்று மட்டும். அதை இன்ஸ்பெக்டர் மேசையில் விரித்தபோது கிருஷ்ணன்குட்டி கண்டது, 'தமிழன்' முடிகிற இடத்தில் துடித்த அந்த வாலை.

"ஞான் அறியாதே பறஞ்ஞு போயி, சிகாமணீ. சாறே, ஈ வாலு ஞான் கண்டிட்டுண்டு, பாறசாலையில் கொடைக்காரன்டெ பிரேதபுஸ்தகத்தில்னு. சந்தோசத்தில் பறஞ்ஞதாணு. பறஞ்ஞு கழிஞ்ஞப்பழாணு..." சொல்லிக் கழிந்தபிறகுதான் செய்த காரியம் அவருக்கு உறைத்ததாம்.

"யாரு எழுதினதுன்னு அவருவளுக்குத் தெரியுமா?"

"இல்ல. ஒப்பும் நோட்டீசும் ஒண்ணாணெந்நு கண்டால் பின்னெ நின்னெ அடிச்சு சோதிக்கும். நாளெ ராவிலெ வரும். புஸ்தகம் காணாதாயால் ஞான் வந்து பறஞ்ஞெந்நு அறியும். எனிக்கு நாலு பிள்ளேரு உண்டு."

வளைத்த கம்பியை நிமிர்த்தி ஞானசிகாமணி குடையைத் திருப்பிக் கொடுத்தார்.

புத்தகம் காணாமல் போனால் சேதி சொன்ன கிருஷ்ணன்குட்டி மாட்டுவார், ஒப்பைக் கண்டால் வாத்தியார் மாட்டுவார். புத்தகம் வீட்டில் இருக்கவும் வேண்டும், ஒப்பு இருக்கவும் கூடாது. கடைசிப் பக்கத்தைக் கிழித்தால் கிழித்த அடையாளம் காட்டிக் கொடுத்துவிடும். வீட்டுக்கு நடந்து வருகிற வழியெல்லாம் அவர் கையில் இருந்த கறுப்பு டப்பா தளும்பியது. ஆனந்தபாயிடம் எல்லாவற்றையும் சொன்னார். ஆந்தைக்கண்ணன் யார் என்பதையும் அன்றைக்குத்தான் சொன்னார். அவள் மரச்சீனிக் கிழங்கு அவித்துக்கொண்டிருந்தாள். கேட்டு முடித்துவிட்டு அடுப்பில் இருந்து விறகை இழுத்துப் போட்டாள்.

"பொன்னுதாஸ் சாறா? ஓய்வுநாள் பள்ளிக்கு வசனம் எழுதிக் குடுக்கப்பட்ட பொன்னுதாஸ் சாறா?"

"அவருதான்."

"கர்த்தாவே. அந்த மனுசனுக்கு இம்பிடு பேயி எங்க இருந்து வந்துது?"

விளக்கு வைக்கிற நேரம் ஆனது. வழக்கப்படி ஞானசிகாமணி பொதியைத் தூக்கிக்கொண்டு விறகுப்புரைக்குக் கிளம்பினார்.

"இங்க வையுங்க" என்றாள் ஆனந்தபாய்.

"ஜெப நேரமாச்சே?"

"இங்க வையுங்கன்னு சொன்னேன்."

வேதப்புத்தகத்துக்குப் பக்கத்தில், ஒரே பாயில், பதினொரு பேய்கள் முதல்முறையாக உட்கார்ந்தன. அவள் பாட்டுப் பாடவில்லை. ஒரு சங்கீதம் வாசித்தாள். பிறகு கண்ணை மூடி, வெகுநேரம் மனசுக்குள் ஜெபித்தாள். வாயாடிச் சரோஜம்கூட அன்றைக்கு வேலியருகே வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

ஆமென் சொன்னதும் ஞானசிகாமணி டப்பாவைத் திறந்தார். முதல் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை விரித்தார். பனையுச்சிக்காரி. சிவப்பில் பதினேழு, கீழே ஒப்பு, வால். தூரிகையைக் கறுப்பில் முக்கினார். எடுத்தார். கறுப்பு ஒரு சொட்டுப் பாயில் விழுந்தது. மறுபடி முக்கினார். ஆயிரம் குடைக்குக் கறுப்பு ஏற்றின கை, இரண்டு விரல் அகலம் உள்ள ஒரு ஒப்பின் மேல் இறங்க மாட்டேன் என்றது.

"எட்டி, ஆவல்லியே எனக்கு" என்றார்.

"ஒங்களால ஆனாலும் நீங்க செய்யப்பிடாது. இஞ்ச தாருங்க."

"நீ எதுக்கு?"

"நாளைக்கு அவன் வந்து ஆரு செய்ததுன்னு கேப்பான். நீங்க சொன்னா நம்ப மாட்டான். நான் சொல்லணும். நான் சொல்லுகது பொய்யாவப்பிடாது. அதுக்கு நானே பூசணும்."

தூரிகையை வாங்கிக்கொண்டாள். ஞானசிகாமணி ஒவ்வொரு புத்தகமாகக் கடைசிப் பக்கத்தை விரித்துக் கொடுத்தார். கொடுப்பதற்கு முன்னால் ஒவ்வொரு ஒப்பையும் ஒருமுறை எழுத்துக் கூட்டி வாசித்தார். ஆ. ந். தை. அவள் காத்திருந்தாள். அவர் வாசித்து முடித்தபிறகுதான் தூரிகையை இறக்கினாள். நம்பரை விட்டுவிட்டு ஒப்பை மட்டும் மூடினாள். சுவருக்கு வெள்ளையடிப்பது போல மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. வாலின் நுனிக்காகக் கொஞ்சம் கூடுதல். பதினொன்றும் முடிந்தபோது அவள் விரலெல்லாம் கறுப்பு. ஒரு மாதம் ஆனாலும் போகாத கறுப்பு. பதினொரு புத்தகத்தையும் விரித்தபடி காயப் போட்டார்கள். குழந்தை செத்த வீட்டில் இருப்பது போல இரண்டு பேரும் அதன் அருகே உட்கார்ந்திருந்தார்கள்.

காலையில் ஜீப் வந்தது. இன்ஸ்பெக்டரும் மூன்று போலீஸ்காரரும். கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு கிருஷ்ணன்குட்டி. புத்தகங்களை முற்றத்தில் கொட்டினார்கள். இன்ஸ்பெக்டர் கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். அடுத்ததையும் பார்த்தார்.

"ஆரா இது செய்தது?"

"நானாக்கும்" என்றாள் ஆனந்தபாய். கறுத்த கையை மறைக்கவில்லை.

"எந்தினு?"

"சாறே, வேதப்புஸ்தகம் இருக்கப்பட்ட வீட்டில இதுவளு இருக்கப்பிடாதுன்னு ஆறு வருசமாச் சொல்லிட்டு வாறேன். இந்த மனுசன் கேக்க மாட்டாரு. நானே எடுத்துப் பூசிப் போட்டேன்."

ஒரு சொல்கூடப் பொய் இல்லை. இன்ஸ்பெக்டர் வேலிப் பக்கம் திரும்பினார். சரோஜம் நின்றுகொண்டிருந்தாள்.

"உள்ளதாணோ?"

"பகவதியாணெ சத்தியம் சாறே. தெவசமும் இதுவள வெளிய தள்ளாம இவளுக்குத் தெய்வத்தைக் கும்பிட வராது. ஊருக்கே தெரியும்."

இன்ஸ்பெக்டர் ஒரு புத்தகத்தை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்தார். பக்கத்தின் மற்ற இடமெல்லாம் ஒளி ஊறி மஞ்சளாகத் தெரிந்தது. கறுப்பு மட்டும் கறுப்பாகவே இருந்தது. நகத்தால் சுரண்டினார். காகிதம் வந்தது, கறுப்பு வரவில்லை. ஞானசிகாமணி ஊரெல்லாம் அளந்த புளுகில் நிஜமான பங்கு அன்றைக்கு உதவியது.

"கிருஷ்ணன்குட்டி, நீ கண்டது இதாணோ?"

"எனிக்குத் தமிழ் வாயிக்கான் அறிஞ்ஞூடா சாறே. பல்லிவால் போலெ எந்தோ கண்டு. ஓர்மப்பிசகாயிருக்கும்."

ஆனாலும் ஞானசிகாமணியைக் கொண்டுபோனார்கள். மூன்று நாள் வைத்திருந்தார்கள். ஆந்தைக்கண்ணன் யார் என்று கேட்டார்கள். "புஸ்தகத்தில பேரு போட்டிருக்கே சாறே" என்றார். இடது காதில் அடி விழுந்தது. மறுபடி கேட்டார்கள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் எதிர்க் கம்பிக்குள் பொன்னுதாஸ் வாத்தியார் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பதைக் கண்டார். வாத்தியாரும் கண்டார். இரண்டு பேரும் முன்பின் தெரியாதவர்கள் போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஞானசிகாமணி தன் ஆயுசில் பேசாமல் கடந்த பெரிய தூரம் அந்த ஏழடி.

இடது காது அதோடு போயிற்று. வீட்டுக்கு வந்ததும், "எட்டி, இனி நீ ஏசுகது பாதிதான் கேக்கும். எனக்கு லாபமாக்கும்" என்றார். ஆனந்தபாய் சிரிக்கவில்லை. எண்ணெய் காய்ச்சிக் கொண்டுவந்தாள்.

வாத்தியார் நாலு மாதம் கழித்து வெளியே வந்தார். ஊர்வலம் போன கேசு அவர் மேல் இருந்தது. நோட்டீஸ் எழுதிய கேசு யார் மேலும் ஒட்டவில்லை. அதற்குப் பிறகு ஆந்தைக்கண்ணன் இரண்டு வருசம் ஒன்றும் எழுதவில்லை.

ஐம்பத்தாறாம் வருசம் எல்லை பிரித்தார்கள். களியக்காவிளை சென்னை மாநிலத்துக்குப் போயிற்று. பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் கேரளத்தில் நின்றன. வாத்தியார் ஒரு கரை, குடைக்காரர் ஒரு கரை. அந்த மார்கழியில் ஒருநாள் சாயங்காலம் வாத்தியார் ஞானசிகாமணியின் வீட்டுக்கு வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. மடியில் இருந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். பன்னிரண்டாவது. அட்டையில் ஒரு சந்தை. ஆளே இல்லாத சந்தை. நடுவில் விரித்தபடி ஒரு குடை, அதன் அடியில் யாரும் இல்லை. ஞானசிகாமணி அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். யாரும் எடுக்க வராத அந்த மார்த்தாண்டத்துக் குடை இன்னும் அவர் வீட்டுக் கூரை மோட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

"கடைசி இதுதான், சிகாமணி. இனி எழுத ஒண்ணும் இல்ல" என்றார் வாத்தியார். "பழைய பதினொண்ணையும் எடுத்துக்கிட்டு வாரும். கறுப்புக்குப் பக்கத்தில நான் புதுசா ஒப்புப் போட்டுத் தாறேன். அது என்னால போனது."

ஞானசிகாமணி நல்ல காதைத் திருப்பிக் கேட்டார். பிறகு மாட்டேன் என்று தலையாட்டினார்.

"வேண்டாம் சாறே. ஒங்க ஒப்பு உள்ளதான் கெடக்கு, எங்கயும் போவல்ல. அதுக்க மேல ஆனந்தம் ஒரு ஒப்புப் போட்டிருக்கா. ஐம்பது பிரதியில அந்த ஒப்பு உள்ளது எனக்க கையில மட்டும்தான். அதைக் கெடுக்கப்பிடாது."

வாத்தியார் பன்னிரண்டாவது புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை விரித்துப் பதினேழு என்று எழுதினார். ஆந்தைக்கண்ணன் என்று எழுதினார். வால் இரண்டு சுற்றுச் சுற்றியது. பழைய துடிப்பு இல்லை, ஆனாலும் வால்தான்.

"எட்டி, ஆனந்தம்" என்று கூப்பிட்டார் ஞானசிகாமணி. "இதுக்கும் ஒண்ணு போடு. இல்லன்னா செட்டு ஒத்துவராது."

"வெளக்கு வைக்கப்பட்ட நேரத்திலயா?" என்றாள் அவள். ஆனாலும் வந்தாள். கறுப்பு டப்பாவில் சுண்டுவிரலைத் தொட்டு, ஒப்பின் மேல் அல்ல, வாலின் நுனி முடிகிற இடத்தில் ஒரு பொட்டு வைத்தாள். மூன்று பேரும் அது காய்கிறவரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அவள் பன்னிரண்டையும் குடைத்துணியில் பொதிந்து, தன் கையாலேயே விறகுப்புரைக்குத் தூக்கிக்கொண்டு போனாள். சட்டம் சட்டம்தான்.

அதன்பிறகு ஞானசிகாமணி இருபது வருசத்துக்கு மேல் பாறசாலைச் சந்தையில் குடை தைத்தார். புளுகு குறையவில்லை. மழையைப் பற்றிப் புளுகினார், காற்றைப் பற்றிப் புளுகினார். தன் செவிட்டுக் காதுக்கே ஒன்பது கதை வைத்திருந்தார். ஆனால் புத்தகங்களைச் சந்தைக்குக் கொண்டுவரவில்லை. பழைய ஆட்கள் யாராவது, "அந்தக் கறுப்புக்கு அடியில ஆருக்க ஒப்பு, வேய்?" என்று கேட்டால், இடது காதை அவர்கள் பக்கம் திருப்பிவிட்டு, கம்பியை நிமிர்த்திக்கொண்டே இருப்பார்.